'செக்' என்னும் சொல்லின் கணக்கு வழக்கு

கோடை விடுமுறைக் காலத்து முற்பகல் ஒன்றில், ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவர் புதிய காசோலைப் புத்தகம் பெறுவதற்காக நம் கிளைக்கு வந்திருந்தார். உடன் வந்த பேரனுக்குப் பத்து வயது இருக்கலாம். பள்ளியில் சதுரங்கம் பயில்பவனாம். ஆச்சி படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவன் மேசையருகே வந்து, "சார், செஸ்ல ராஜாவுக்கு வைக்கிறதும் செக்கு. ஆச்சி வாங்குறதும் செக்கு. ரெண்டும் ஒண்ணா?" என்று வினவினான்.

"இல்லை தம்பி, இரண்டுக்கும் எழுத்துக்கூட்டலே வேறு, பொருளும் வேறு" என்றோம். "சும்மா இருடா, சாருக்கு வேலை கெடக்கு" என்று ஆச்சி அவனை அடக்கினார். வணிகவியல் பட்டமும் இருபதாண்டுப் பணியனுபவமும் தந்த துணிவில் சொன்ன விடை அது. அன்று மாலையே ஓர் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டிப் பார்த்ததில், அவ்விடை முற்றிலும் பிழை எனத் தெரியவந்தது.

இரண்டும் ஒன்றே. அதுமட்டுமன்று; கட்டம் போட்ட சட்டைக்குச் சொல்லும் 'செக்', நெடுஞ்சாலையில் வண்டியை மறிக்கும் 'செக் போஸ்ட்', ஓடையின் குறுக்கே கட்டும் 'செக் டேம்', மருத்துவமனையின் 'செக்-அப்', விமான நிலையத்தின் 'செக்-இன்', பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டைக் கேட்கும் 'செக்கர்' ஆகிய யாவும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை. (ஐரோப்பாவிலுள்ள செக் குடியரசு இக்குடும்பத்தில் சேராது. நம் ஊர் எண்ணெய்ச் செக்கும் சேராது. அது தனித் தமிழ்ச் சொத்து.)

அந்த வித்து பாரசீக நாட்டைச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து 'சதுரங்க' என்ற வடமொழிப் பெயரோடு மேற்கே சென்ற ஆட்டம், பாரசீகத்தில் 'சத்ரங்' ஆயிற்று. அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பாரசீக மொழியில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை நகர்த்துபவர் 'ஷா!' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'அரசருக்கு ஆபத்து, பார்த்துக்கொள்' என்பது அதன் பொருள். அரசன் தப்ப வழியற்றுப் போனால் 'ஷா மாத்'. வட மாநிலக் கிளைகளில் பணிபுரிந்த நம்மவர் பலர், 'ஷஹ்' என்றும் 'மாத்' என்றும் இந்தி பேசுவோர் இன்றும் சொல்வதைக் கேட்டிருப்பர். அதே 'ஷா மாத்' ஐரோப்பிய நாவுகளில் புரண்டு 'செக் மேட்' ஆகிவிட்டது.

'ஷா' இலத்தீனில் 'ஸ்காக்கஸ்' என்றும், பழைய பிரெஞ்சு மொழியில் 'எஷெக்' என்றும் உருமாறி, ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் 'செக்' என நிலைபெற்றது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே 'செஸ்'. ஆக, 'செக்' ஒருமை, 'செஸ்' பன்மை. பொருள்படி பார்த்தால் செஸ் என்பது 'அரசர்கள்' ஆட்டம்.

அரசனின் பெயர் காசோலையின் பெயராக மாறியது எவ்வாறு? இங்கேதான் வங்கியாளராகிய நாம் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அரசின் வருவாய்க் கணக்கைத் தீர்க்கும் அவை ஒரு பெரிய மேசையைச் சுற்றி அமர்ந்தது. அந்த நூற்றாண்டிலேயே அரசுப் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், இந்த அவையின் நடைமுறைகளை வினாவிடை வடிவில் ஒரு நூலாக எழுதி வைத்துள்ளார். மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். வைத்த காய்கள் உருண்டு விழாதிருக்க நான்கு விரல் உயரத்தில் விளிம்பு. மேலே ஒரு கறுப்புத் துணி, அதில் கோடுகள். ஒவ்வொரு பத்தியும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று. பார்வைக்குச் சதுரங்கப் பலகைபோல இருந்ததால் அம்மேசைக்கும் அந்த அவைக்கும் 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. இங்கிலாந்தின் நிதியமைச்சர் இன்றளவும் 'எக்ஸ்செக்கரின் சான்சலர்' என்றே அழைக்கப்படுகிறார்.

ரோமானிய எண்களில் கூட்டலும் கழித்தலும் எளிதன்று. இடமதிப்பும் இல்லை, பூச்சியமும் இல்லை. ஆகவே காய்களைக் கட்டங்களில் அடுக்கியே கணக்குப் பார்த்தனர். ஷெரிஃப் எனப்படும் மாவட்ட அலுவலர், வசூலித்த பணத்தோடு ஆண்டுக்கு இருமுறை அவைமுன் வந்து நின்றார். அவர் கட்ட வேண்டிய தொகை ஒரு வரிசையில், கட்டிய தொகை அதற்குக் கீழ் வரிசையில். எழுத்தறியாதவரும் தம் கணக்கைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பொருளாளருக்கும் ஷெரிஃபுக்கும் இடையே நிகழும் இந்தப் போராட்டத்தைச் சதுரங்க ஆட்டத்தோடு ஃபிட்ஸ்நீலே ஒப்பிடுகிறார். வங்கியின் கணினியில் ஒருவர் பதிவிட, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தரும் 'மேக்கர் – செக்கர்' முறையில் நாள்தோறும் உழலும் நமக்கு, அந்தக் கறுப்புத் துணி மேசை அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

கணக்குத் தீர்ந்ததும் கையில் கொடுக்க ஒரு சான்று வேண்டுமல்லவா? அக்காலத்தில் அது மரக்குச்சி. ஹேசல் மரத்தின் கிளையைச் சீவி, அதில் தொகைக்கேற்ற வெட்டுகளை இடுவர். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பணம் கட்டியவருக்கு ஒரு பாதியும் கருவூலத்துக்கு மறுபாதியும் என்று பிரித்துக்கொள்வர். பிற்பாடு ஐயம் எழுந்தால் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பர். ஒரு வெட்டைத் திருட்டுத்தனமாகக் கூட்டியிருந்தால், மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். இக்குச்சியின் பெயர் 'டாலி'. 'கணக்கு டாலி ஆகுதா?' என்று கடைத்தெருவில் நாம் கேட்பதும், அதே பெயரிலுள்ள கணக்குப் பதிவு மென்பொருளும் இக்குச்சியை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

பணம் கட்டியவர் வைத்துக்கொண்ட பாதிக்கு 'ஸ்டாக்' என்றும், மறுபாதிக்கு 'ஃபாயில்' என்றும் பெயர். 'ஸ்டாக்' என்றால் மரத்தின் அடிமரம். ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் எஞ்சும் துண்டைத் தமிழில் 'அடிக்கட்டை' என்கிறோம். இருமொழிகளும் கலந்து பேசிக்கொண்டு வைத்த பெயர்போல இருக்கிறது, ஆனால் தற்செயல்தான்.

இக்குச்சிகளின் முடிவும் சொல்லத்தக்கது. 1826இல் அம்முறை கைவிடப்பட்டது. குவிந்து கிடந்த பழங்குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த உலைகளில் இட்டு எரித்தனர். தீ மிஞ்சி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதியே சாம்பலாயிற்று. பழைய பதிவேடுகளை அழிப்பதற்கு வங்கிகளில் இத்தனை விதிமுறைகள் ஏன் என்று சலித்துக்கொள்ளும் இளைய அலுவலர்களுக்கு இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

இனிச் சொல்லுக்கு வருவோம். சதுரங்கத்தில் 'செக்' சொன்ன கணத்தில் எதிராளியின் திட்டங்கள் யாவும் நின்றுபோகின்றன. முதலில் அரசனைக் காக்க வேண்டும். ஆகவே 'செக்' என்பதற்குத் திடீரென நிறுத்துதல் என்ற பொருள் வந்தது. நிறுத்துதலிலிருந்து கட்டுப்படுத்துதல், கட்டுப்படுத்துதலிலிருந்து, பிழை புகாமல் ஒப்பிட்டுச் சரிபார்த்தல். தடுப்பணையும் சோதனைச்சாவடியும் முதற்பொருளின் பிள்ளைகள். மருத்துவப் பரிசோதனையும் பயணச்சீட்டுச் சோதனையும் கடைசிப் பொருளின் பிள்ளைகள். சென்னையின் பெயரைத் தாங்கி உலகெங்கும் சென்ற 'மெட்ராஸ் செக்' துணி மட்டும் நேரே சதுரங்கப் பலகையின் வழியில் வந்தது. ஆங்கிலம் ஒரே சொல்லால் வேலை வாங்கிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு. ஆயினும் நாளேடுகளின் தலைப்புகளில், ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருக்கு வைப்பது இன்றும் 'செக்' தான். அங்கே பழைய பாரசீக அரசன் அப்படியே உயிரோடிருக்கிறான்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'செக்' என்ற சொல் பண ஆவணங்களுக்குள் நுழைந்தபோது, அது எதைக் குறித்தது தெரியுமா? பணம் தரச் சொல்லும் தாளை அன்று. அத்தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு எஞ்சி நிற்கும் அடிக்கட்டையை! வெளியே சென்ற தாளில் எவரேனும் தொகையைத் திருத்தினால் பிடித்துக்கொடுக்கும் தடை அது. பிளந்த குச்சியின் மறுபாதி செய்த வேலையைச் செய்தது. ஆகவே அதற்கு 'செக்' என்று பெயர். அந்நூற்றாண்டின் போக்கில் அப்பெயர் மெல்ல நகர்ந்து, கிழித்துக் கொடுக்கும் தாளின்மேல் ஏறிக்கொண்டது. 'எக்ஸ்செக்கர்' என்ற சொல்லின் சாயலில் அதன் எழுத்துக்கூட்டலையும் பிரிட்டிஷார் மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டனர். சிறுவனிடம் நாம் பெருமையாகச் சொன்ன 'வேறு எழுத்துக்கூட்டல்' இவ்வளவுதான்.

மற்றொரு கதையும் வழங்குகிறது. இடைக்கால அரபு வணிகர்களிடையே 'ஸக்' என்ற பணம் செலுத்தும் ஆவணம் இருந்தது. அதிலிருந்தே 'செக்' வந்தது என்பர். ஆவணம் இருந்தது உண்மை. ஒலியும் ஒத்திருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் சதுரங்க வழியையே கொள்கின்றன. நாமும் அதன் பக்கமே.

அடிக்கட்டையின் பெயர் என்று அறிந்ததும் நமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. சிறிய அச்சகம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், கையில் ஒரு வழக்கறிஞர் அறிவிப்போடு வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் வாங்குவதற்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் கடன் பெற்றவர், ஈடாகக் கையொப்பம் மட்டும் இட்ட வெற்றுக் காசோலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கடனை மாதத் தவணைகளில் தம் கணக்கு வழியாகவே அடைத்தும் விட்டார். காசோலையைத் திருப்பிக் கேட்க மட்டும் மறந்துவிட்டார். அல்லது, அவர் சொன்னபடி, 'கேட்டா நல்லாவா இருக்கும்' என்று விட்டுவிட்டார். பின்னர் இருவருக்கும் ஏதோ மனக்கசப்பு. அந்தத் தாளில் ஆறு இலட்சம் என எழுதப்பட்டு வேறொரு வங்கியின் வழியாக வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லாததால் திரும்பியது.

"கையெழுத்து என்னுதுதான் சார். மத்த எழுத்து எதுவுமே என்னுது இல்ல. அதைச் சொன்னா போதாதா?" என்று கேட்டார்.

போதாது என்று சொல்லும் வேலை நம்முடையதாயிற்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆவது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பணமின்றிக் காசோலை திரும்பினால், செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு. அறிவிப்பு பெற்ற 15 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. தண்டனை ஈராண்டுச் சிறை வரையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு அபராதம் வரையோ, இரண்டுமோ ஆகலாம். தொகையைப் பிறர் நிரப்பினார் என்பது மட்டும் தப்பிக்கும் வழியாகாது. விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும், அது கடனுக்காகவே தரப்பட்டது என்னும் சட்ட அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகக் கூறியுள்ளது. அந்த அனுமானத்தை உடைக்கலாம். உடைக்கும் பொறுப்பு கையொப்பமிட்டவருடையது.

"பழைய அடிக்கட்டை ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டோம். அச்சுத் தொழில் செய்பவர் ஆதலால் தாளை எறியும் வழக்கம் அவருக்கு இல்லை. மறுநாள், நூலால் கட்டிய ஒரு கத்தை அடிக்கட்டைகளோடு வந்தார். குறித்த எண்ணுள்ள துண்டில் பென்சிலால் கடன் தந்தவர் பெயர், ஏழாண்டுக்கு முந்தைய ஒரு தேதி, 'ஈடு – தொகை எழுதவில்லை' என்ற குறிப்பு. இது தானே எழுதிய குறிப்பு. இதனால் மட்டும் எதுவும் நிலைபெறாது என்பதை மறைக்காமல் சொன்னோம். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள தாள்கள் ஏழாண்டுக்கு முன்பு, அதே மாதத்திலேயே பணமாகியிருந்ததை நம் ஏடுகள் காட்டின. அடுத்தடுத்த மாதங்களில் தவணைகள் சென்ற பதிவுகளும் இருந்தன. 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டப்படி சான்றளித்த கணக்குப் படியைக் கொடுத்தோம். அவருடைய வழக்கறிஞர் அவற்றை இணைத்து மறுமொழி அனுப்பினார். பிளந்த குச்சியின் இரு பாதிகள் ஒட்டிக்கொண்டதுபோல, அவரது அடிக்கட்டையும் வங்கி ஏடும் பொருந்திநின்றன.

15 நாட்கள் கழிந்தன. அதன்பின் ஒரு மாதமும் கழிந்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அந்த நாற்பத்தைந்து நாட்களில் அவர் நம் கிளைக்கு எத்தனை முறை வந்தார் என்று நாம் எண்ணவில்லை, காவலாளி எண்ணியிருப்பார்.

ஓர் ஓலையை மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டு உண்மை காண்பது தமிழருக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதிய அந்தணர் வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் அந்த மூலத்தை வாங்கி, அதிலுள்ள பாட்டனாரின் கையெழுத்தை, காப்பிலிருந்த அவரது வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூறுகின்றனர். படி, மூலம், மாதிரிக் கையொப்பம் என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. காசோலை என்ற சொல்லை ஆக்கியவர் எவராயினும், அதில் 'ஓலை'யைச் சேர்த்தது நல்ல தேர்வு. (முன்பாதியான 'காசு'க்கும் தனிக் கதை உண்டு. கீழை நாடுகளின் சிறு நாணயங்களை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று குறித்தது, தமிழ்க் 'காசு' போர்த்துகீசியர் வாய்வழிச் சென்றதால். கல்லாவில் உள்ள ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது.)

இன்று பல காசோலைப் புத்தகங்களில் பக்கவாட்டு அடிக்கட்டை இல்லை. முன்னோ பின்னோ ஒரு பதிவுத்தாள் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் தீர்ந்துபோன புத்தகங்களில் அந்தத் தாள் பெரும்பாலும் புத்தம் புதிதாகவே இருக்கக் காண்கிறோம். தேதி, பெயர், தொகை, எண் ஆகியவற்றைக் குறிக்க அரை நிமிடம் ஆகும். திருத்தம் செய்த காசோலையை, தேதியைப் புதுப்பிக்கும் திருத்தம் தவிர, இப்போதைய பிம்பவழித் தீர்வகம் ஏற்பதில்லை. பிழைத்தால் புதிய தாளே எடுக்க வேண்டும். தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களே செல்லுபடி. ஆனால் தேதியே இல்லாத தாளுக்கு அந்த மூன்று மாதம் என்று தொடங்கும்? அதை வைத்திருப்பவர் எழுதும் நாளில் தொடங்கும்.

2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த 'பாசிட்டிவ் பே' முறையைப் பற்றிக் கேட்பவர்கள், 'செக் எழுதிக் கொடுத்த பிறகு அதே விவரத்தை உங்களுக்கு ஏன் மறுபடி சொல்ல வேண்டும்?' என்று சலித்துக்கொள்வதுண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை முன்கூட்டியே மின்வழியில் வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி அது. ஐந்து இலட்சமும் அதற்கு மேலும் எனில் வங்கிகள் அதைக் கட்டாயமாக்கலாம். காசோலை தீர்வகத்துக்கு வரும்போது இரு விவரங்களும் ஒப்பிடப்படுகின்றன. உங்கள் அடிக்கட்டையின் ஒரு படியை வங்கிக்கு அனுப்பிவைக்கிறீர்கள், அவ்வளவே. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் 'செக்' என்ற பெயர் எதற்கு வைக்கப்பட்டதோ, அதுவே கைபேசிக்குள் குடியேறியிருக்கிறது.

அச்சக உரிமையாளர் அண்மையில் புதிய காசோலைப் புத்தகம் கேட்டு வந்தார். பதிவுத்தாள் சிறியதாக இருக்கிறதென்று குறைப்பட்டு, தாமே ஒரு குறிப்பேடு அச்சிட்டு வைத்திருப்பதாகக் காட்டினார். நமக்கும் ஒன்று தந்தார்.

ஆச்சியின் பேரனுக்கு நாம் இன்னும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறோம். காலாண்டு விடுமுறைக்கு வருவானாம். ஆச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.